நூலகவியல் மாணவனும் கணினிப் பட்டியலும்

அறிவு வளர வளர நூல்கள் பெருகுதலும், நூல்கள் பெருகப் பெருக வேண்டிய நூலை வேண்டியபோது கண்டெடுத்தல் அரிதாதலும் இயல்பு. ஆதலினாலே நூல்களைத் தொகுத்துவைத்த சமுதாயங்கள் அவற்றுக்குப் பட்டியல் அமைக்கவும் தலைப்பட்டன. கிறித்துவுக்கு முன் மூன்றாம் நூற்றாண்டிலே, அலெக்சாந்திரியா நகரத்து நூலகச் சுவடிகளை ஆராய்ந்து, கலிமாக்கசு என்னும் கிரேக்கப் புலவர் 120 சுருள்களிலே ஒரு பெரும் பட்டியலை இயற்றினார். அதன் சிதறிய சில பகுதிகளே இன்று எஞ்சியுள்ளன. எனினும், நூலைக் காத்தலைப் போலவே நூலை நாடுவோர்க்கு வழிகாட்டலும் அறிஞர் தொழிலே என்னும் எண்ணம் அக்காலத்திலேயே தோன்றிவிட்டமைக்கு அது சான்றாகும்.

இக்காலத்திலே நூலகவியல் பயிலப் புகும் மாணவன் நூல்களையும் நூற்றட்டுகளையும் எதிர்பார்த்தே வகுப்பறைக்குள் நுழைகின்றான். அவன் முன் வைக்கப்படுவதோ கணினித் திரை. அதிலே மூன்றிலக்க எண்களும், குறியீடுகளும், நிரப்பப்பட வேண்டிய கட்டங்களும் வரிசையாகத் தோன்றுகின்றன. இவற்றைக் கண்ட மாணவர் இருவகை மயக்கத்துக்கு உள்ளாகின்றனர். நூலகரின் தொழில் முழுவதையும் இயந்திரமே செய்துவிடும். தாம் கற்பது பயனின்றிப் போகும் என அஞ்சுவோர் ஒருசாரார். இயந்திரம் தருவது யாவும் மெய்யே என நம்பித் தம் ஆராய்ச்சியைக் கைவிடுவோர் மற்றொரு சாரார். பட்டியல் என்பது யாது என்பதைத் தெளிய உணராமையே இவ்விரு மயக்கத்துக்கும் காரணம்.

பட்டியற் பதிவு என்பது, ஒரு நூலைக் கையிலெடுத்து நோக்கிய ஒருவர் அந்நூலைக் காணாத பிறர்க்குக் கொடுக்கும் சான்றாகும். இந்நூல் உண்டு, இதனை இயற்றியவர் இவர், இன்ன ஆண்டிலே இன்ன இடத்தில் அச்சாயிற்று, இது கூறும் பொருள் இது என்பனவே அச்சான்றின் உள்ளடக்கம். அதனை எழுதும் கருவி காலந்தோறும் மாறி வந்துள்ளது. சான்று கூறும் கடமை மாறவில்லை. இவ்வுண்மையைப் பட்டியற் கலையின் வரலாறும், கணினி தொழிற்படும் முறையும் நன்கு விளக்கும்.

கையெழுத்திலிருந்து அட்டைக்கு

பிரெஞ்சுப் புரட்சிக் காலத்திலே திருச்சபைகளிடமிருந்து பறிமுதல் செய்யப்பட்ட நூல்களுக்குப் பட்டியல் அமைக்க வேண்டிய தேவை எழுந்தது. 1791 ஆம் ஆண்டிலே அரசினர் அப்பணிக்கு விளையாட்டுச் சீட்டுகளின் வெற்றுப் பின்புறத்தைப் பயன்படுத்துமாறு பணித்தனர். தனித்தனிச் சீட்டாக இருத்தலின் இடையிலே புதிய பதிவுகளைச் செருகுதல் எளிதாயிற்று. இலண்டனிலுள்ள பிரித்தானிய நூதனசாலையிலே பணிபுரிந்த பனிசி என்பார் வகுத்த 91 பட்டியலாக்க விதிகள் 1841 இல் அச்சாயின. 1876 இல் அமெரிக்கரான மெல்வில் டூயி தமது தசமப் பகுப்பு முறையை 44 பக்கங்கள் கொண்ட ஒரு சிறு நூலாக வெளியிட்டார். 1887 இல் நியூ யோர்க்கிலுள்ள கொலம்பியாக் கல்லூரியிலே நூலகவியற் பள்ளியொன்றையும் அவர் தொடங்கினார்.

அக்காலத்து மாணவர்க்கும் கருவி பற்றிய இடர்ப்பாடு இருந்தது. பட்டியல் அட்டைகளைப் பலரும் இடரின்றிப் படித்தல் வேண்டும் என்பதற்காக, நூலகக் கையெழுத்து எனப்பட்ட ஒருவகை உருண்டை எழுத்தை அவர்கள் பயின்றனர். பின்னர்த் தட்டச்சுப் பொறி வந்தபோது அப்பயிற்சி பயனற்றுப் போயிற்று. 1901 தொடக்கம் வாஷிங்டனிலுள்ள காங்கிரசு நூலகம் அச்சிட்ட அட்டைகளைப் பிற நூலகங்களுக்கு விற்கத் தொடங்கவே, தட்டச்சு வேலையும் பெரிதும் குறைந்தது. கையெழுத்து மறைந்தது, நூலை ஆராய்ந்து விவரிக்கும் திறமை மறையவில்லை.

தமிழ் நூல்களுக்கும் அத்தகைய உழைப்பு வாய்த்தது. யோன் மேர்டொக் என்னும் ஸ்கொத்லாந்துப் பாதிரியார் அச்சான தமிழ் நூல்களைப் பொருள்வாரியாக வகுத்து 1865 இல் சென்னையிலே ஒரு பட்டியலை வெளியிட்டார். பிரித்தானிய நூதனசாலையிலிருந்த தமிழ் நூல்களுக்குப் பார்னெற்றும் போப்பையரும் அமைத்த பட்டியல் 1909 இல் வெளிவந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டுத் தமிழ்ப் பதிப்புகளை ஆராய்வோர்க்கு இவை இன்றும் துணையாகின்றன.

இரங்கநாதன் கற்ற பாடம்

புதிய தொழிலொன்றினுள் நுழைந்து இடர்ப்பட்ட மாணவர்களுள்ளே தலையாயவர் எஸ். ஆர். இரங்கநாதன். 1892 இல் சீர்காழியிலே பிறந்த அவர் கணித ஆசிரியர். 1924 இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் நூலகராக நியமனம் பெற்றார். சில நாட்களிலேயே அவ்வேலை அவருக்குக் கசந்தது. மீண்டும் கற்பித்தற் றொழிலுக்கே செல்ல விரும்பினார். எனினும், இலண்டனுக்குச் சென்று நூலகவியலைப் பயின்று பார்க்குமாறு அறிவுறுத்தப்பட்டார். ஆங்கே பேர்விக் சேயர்ஸ் என்னும் ஆசிரியரிடம் பகுப்பாக்கத்தைக் கற்றார்.

அறிவுத்துறைகளுக்கெல்லாம் முன்கூட்டியே எண்களை வகுத்துவைக்கும் முறை, புதிய துறைகள் தோன்றும்போது இடர்ப்படுவதை அவர் கண்டார். இலண்டன் அங்காடியொன்றிலே, ஒரே தொகுதி உலோகத் துண்டுகளை வெவ்வேறு விதமாகப் பொருத்திப் பலவகைப் பொம்மைகள் செய்யும் விளையாட்டுக் கருவியொன்று அவர் கண்ணிற் பட்டது. நூலின் பொருளையும் அவ்வாறே கூறுகளாகப் பிரித்து, வேண்டியவாறு இணைத்துக் காட்டலாம் என்னும் எண்ணம் அதனால் எழுந்தது. கூறுகளை முக்காற்புள்ளி இட்டு இணைத்தமையின் அதற்குக் கோலன் பகுப்பு முறை என்னும் பெயர் அமைந்தது. அம்முறை 1933 இலும், நூலகவியலின் ஐந்து விதிகள் பற்றிய அவரது நூல் 1931 இலும் வெளிவந்தன. இன்று இணையத்திலே பொருள் வாங்குவோர் நிறம், அளவு, விலை எனக் கூறுகூறாகத் தெரிந்து தேடும் முறையும் அவ்வெண்ணத்தோடு உறவுடையதே. கணினி பரவுமுன் ஒரு தமிழர் சிந்தித்தமைத்த ஒழுங்கு கணினிக்கும் பொருந்துவதாயிற்று. ஒழுங்கு முந்தியது, கருவி பிந்தியது என்பதை இதனால் அறியலாம்.

பதிவைக் கூறிடும் முறை

அட்டையைப் படிக்கும் மனிதன், மேல்வரியிலிருப்பது ஆசிரியர் பெயர் என்றும் அடுத்திருப்பது நூற்பெயர் என்றும் பார்த்த அளவிலே அறிவான். இயந்திரத்துக்கு அவ்வறிவு இல்லை. அதற்கு ஒவ்வொரு கூறும் இன்னது என்பதைக் குறிப்பிட்டுச் சொல்லுதல் வேண்டும். இதற்கு வழிகண்டவர் என்றியெற்றா அவ்ராம் என்னும் அமெரிக்க அம்மையார். இவர் நூலகவியல் கற்றவர் அல்லர். கணினிக்கு நிரல் எழுதுபவர். 1965 இல் காங்கிரசு நூலகத்திற் சேர்ந்த அவர், முதலிலே பட்டியலாளர்களின் பக்கத்திலிருந்து அவர்கள் செய்வதனைத்தையும் கற்றுக்கொண்டார். அதன் பயனாக எழுந்ததே மார்க் எனப்படும், இயந்திரம் படிக்கத்தக்க பட்டியல் அமைப்பு. 1966 இல் 16 நூலகங்களோடு அது பரீட்சிக்கப்பட்டது. 1969 இல் அதன் பதிவுகள் ஏனைய நூலகங்களுக்கு வழங்கப்படலாயின.

மாணவனை மருட்டும் மூன்றிலக்க எண்கள் இவ்வமைப்புக்கு உரியன. 100 என்பது நூலை இயற்றியவர் பெயர். 245 என்பது நூற்பெயர். 300 என்பது பக்கமும் அளவும். 600 என்பது நூலுக்குப் பொருளாக அமைந்தவர் பெயர். 650 என்பது நூல் நுவலும் பொருள். ஆறுமுக நாவலர் என்னும் பெயரை எடுத்துக்கொள்வோம். நாவலர் இயற்றிய நூலாயின் அப்பெயர் 100 இலே நிற்கும். நாவலரின் வரலாறாயின் 600 இலே நிற்கும். நூலின் தலைப்பிலே அப்பெயர் வருமாயின் 245 இலும் தோன்றும். எழுத்து ஒன்றே, அது நிற்கும் இடத்தால் உணர்த்தும் உறவு வேறு. வேற்றுமையுருபு பெயரின் பொருளை வேறுபடுத்துதல் போல, இவ்வெண்கள் பெயர்க்கும் நூலுக்குமுள்ள தொடர்பை வேறுபடுத்துகின்றன எனக் கொண்டால், தமிழிலக்கணம் கற்ற மாணவனுக்கு அச்சம் நீங்கும்.

1971 இல் ஒகையோ மாநிலத்துக் கல்லூரி நூலகங்கள் கணினி வழியே ஒரே பட்டியலைப் பகிரத் தொடங்கின. ஒருவர் எழுதிய பதிவைப் பிறர் எடுத்தாளும் வசதி பிறந்தது. நியூசீலாந்திலே ஆக்கப்பட்டு 2000 இல் நடைமுறைக்கு வந்த கோகா என்னும் மென்பொருள் இவ்வசதியைச் சிறிய நூலகங்களுக்கும் கட்டணமின்றி அளித்தது. மாவோரி மொழியிலே அச்சொல்லுக்குக் கொடை என்பது பொருள். இலங்கைப் பல்கலைக்கழக நூலகங்கள் பலவும் அதனை ஏற்றுக்கொண்டுள்ளன. 1901 இல் அட்டை விற்கத் தொடங்கிய காங்கிரசு நூலகம் 1997 இல் அதனை நிறுத்தியது.

ஆயினும், பகிர்தலிலே ஓர் இடரும் உண்டு. கையெழுத்துப் பட்டியலில் ஒருவர் செய்த பிழை அந்நூலகத்தோடு நின்றது. பகிரப்படும் பட்டியலிலே அதே பிழை நூற்றுக்கணக்கான நூலகங்களுக்குப் பரவும். ஆகவே கருவியின் ஆற்றல் மிகுந்த அளவுக்கு முதற் பதிவை எழுதுபவரின் பொறுப்பும் மிகுகின்றது.

ஒருவர்க்குப் பல வடிவம்

தமிழ்ப் பெயர்களைப் பதிவதிலே இப்பொறுப்பு நன்கு புலப்படும். கலித்தொகையை 1887 இல் பதிப்பித்த சி. வை. தாமோதரம்பிள்ளை அவர்களை எடுத்துக்கொள்க. சி என்பது அவர் பிறந்த சிறுப்பிட்டியையும், வை என்பது தந்தையாராகிய வைரவநாதபிள்ளையையும் குறிக்கும். ஆங்கிலத்தில் எழுதுவோர் அவற்றைச் சீ, டபிள்யூ என்னும் எழுத்துக்களாற் குறித்தனர். பெயரின் முதலெழுத்தைச் சிலர் ரீ, எச் என்னும் இரண்டெழுத்தாலும், சிலர் டீ என்னும் ஓரெழுத்தாலும் எழுதினர். மேனாட்டு வழக்கப்படி இறுதிப்பெயரைக் குடும்பப்பெயராகக் கருதிய பட்டியலாளர் அவரைப் பிள்ளை என்பதன்கீழ் வைத்தலும் கூடும். ழகரத்தை ஆங்கில எழுத்தில் எழுதுவோரிடையேயும் இத்தகைய வேறுபாடு உண்டு.

இயந்திரம் எழுத்தை எழுத்தோடு ஒப்பிடும். எழுத்து வேறாயின் ஆளும் வேறு என்றே கொள்ளும். இவ்வடிவங்கள் யாவும் ஒருவரையே சுட்டுகின்றன என்று அறிந்து சொல்ல வேண்டியவர், அவர் வரலாற்றையும் பதிப்புகளையும் அறிந்தவரே. அவ்வாறு தெளிந்து எழுதிவைக்கும் குறிப்பை நூலகவியலார் பெயர் அதிகாரப் பதிவு என்பர். அது ஒருமுறை செவ்வனே எழுதப்படின், வாசகர் எவ்வடிவிலே தேடினும் எல்லா நூல்களும் ஒருங்கே கிடைக்கும். எழுதப்படாவிடின், அறிஞர் ஒருவரின் உழைப்பு மூன்று நான்கு பெயர்களிலே சிதறிக் கிடக்கும்.

சொல்லும் பொருளும்

நூலின் பொருளை மனிதர் ஆராய்ந்து குறித்தல் வேண்டுமா, நூலிலுள்ள சொற்களே போதாவா என்னும் வினா இங்கே எழும். இவ்வினா புதியதன்று. இங்கிலாந்திலே கிரான்பீல்ட் என்னுமிடத்து வானூர்திக் கல்லூரியின் நூலகராயிருந்த சிரில் கிளெவர்டன், 1950 களின் இறுதி முதல் 1960 களின் நடுப்பகுதி வரை இதுபற்றிப் பரீட்சைகள் நடத்தினார். 1,400 ஆவணங்களைக் கொண்டு செய்த இரண்டாவது பரீட்சையிலே, ஆவணத்திலுள்ள தனிச்சொற்களைக் கொண்டு தேடிய எளிய முறையே மேம்பட்டு நின்றது. நூலகவியலார் பலர்க்கு இது பேரதிர்ச்சியாயிற்று. இன்றைய தேடுபொறிகள் அவ்வழியிலே வளர்ந்தனவே. இவ்வுண்மையை மறைத்தலாற் பயனில்லை.

ஆயின், அப்பரீட்சை ஒரு மொழியிலே, ஒரு துறை பற்றிய கட்டுரைகளிலே, ஏறக்குறைய ஒரே கலைச்சொற்களை வழங்கும் அறிஞரிடையே நிகழ்ந்தது. தமிழின் நிலை வேறு. நூல் என்னும் சொல்லைத் தேடுவோர்க்கு நூற்பட்டியல் என்னும் சொல் அகப்படாது. புணர்ச்சியிலே லகரம் றகரமாயிற்று. கல் என்று தேடினாற் கற்றூண் கிடையாது. மரம் என்று தேடினால் மரத்தை, மரத்தால் என்பன தப்பும். மாலை என்று தேடினாலோ பொழுதும் பூந்தொடையும் சிற்றிலக்கியப் பெயரும் கலந்து வரும். சொல்லைப் பகுத்து நோக்கும் இலக்கண அறிவைப் புகட்டிய பின்னரே இயந்திரம் இவற்றுட் சிலவற்றைத் தீர்க்கும்.

இலக்கணத்தால் தீராதனவும் உள. முருக வழிபாடு பற்றி ஆராயும் மாணவர் முருகன் என்னும் சொல்லைக் கொண்டு தேடுவர். நூலாசிரியரோ கந்தன் என்றோ, சுப்பிரமணியர் என்றோ, சண்முகன் என்றோ தலைப்பிட்டிருப்பர். தலைப்பிலே அப்பெயர்களுள் ஒன்றேனும் இல்லாமலும் இருக்கலாம். இந்நூல்கள் யாவற்றையும் ஒரே பொருட்டலைப்பின்கீழ்ச் சேர்த்து வைப்பவர் நூலைத் திறந்து படித்த பட்டியலாளரே. வாசகரின் நேரத்தை வீணாக்காது காத்தல் நூலகரின் கடன் என்பது இரங்கநாதனாரின் நான்காம் விதியின் கருத்து. அக்கடன் இவ்விடத்திலே நிறைவேறுகின்றது.

எழுத்தும் எழுத்துருவும்

தமிழ்ப் பதிவுகளிலே கணினியால் விளைந்த வேறோர் இடரும் உண்டு. ஈழத்தில் நெடுங்காலம் பெருவழக்கிலிருந்த பாமினி எழுத்துருவிலே, அம்மா என்று திரையில் தோன்றும் சொல் கணினியின் உள்ளே எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்னும் ஆங்கிலக் குறிகளாகவே இருக்கும். அவ்வெழுத்துரு இல்லாத கணினியில் அது பொருளற்ற எழுத்துக் கூட்டமாகத் தோன்றும். தமிழில் தேடுவோர்க்கு அகப்படாது. உலக மொழிகளின் எழுத்துக்களுக்கு நிலையான எண்களை வழங்கும் ஒருங்குறி 1991 இல் வெளிவந்தபோதே தமிழும் அதில் இடம்பெற்றது. எனினும், பழைய எழுத்துருக்களில் எழுதப்பட்டவை தாமாக மாறிவிடா. அவற்றை மாற்றி, மாற்றியதைச் சரிபார்த்தல் வேண்டும்.

அச்சிட்ட பக்கத்தின் படத்திலிருந்து எழுத்தை உணரும் பொறியும் அவ்வாறே கண்காணிப்புக்கு உரியது. ரகரமும் காலும் வடிவால் மயங்கும். மங்கிய அச்சிலே புள்ளி மறையும். 1978 இல் தமிழ்நாட்டரசு மேற்கொண்ட எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முன்னர் ணா, றா, னா என்பனவும் ணை, லை, ளை, னை என்பனவும் வேறு வடிவிலே அச்சாயின. அவ்வடிவங்களை அறியாத பொறி அவற்றைப் பிழைபட உணரும். பழைய ஏடும் பழைய அச்சும் அறிந்த கண்ணே அப்பிழையைத் திருத்தவல்லது.

இழப்பும் காப்பும்

இவ்வுழைப்பெல்லாம் எதன்பொருட்டு என வினவுவோர்க்கு 1981 ஆம் ஆண்டு விடை கூறும். அவ்வாண்டிலே யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டது. ஏறக்குறைய 97,000 நூல்களும் ஏடுகளும் சாம்பராயின. கட்டடம் பின்னர் மீண்டும் எழுப்பப்பட்டது. வேறு படியில்லாத ஏடு எழுப்பப்படுமாறில்லை. ஒரு நூலின் படி பல இடங்களில் இருத்தலே அதற்குப் பாதுகாப்பு. 1998 இல் தொடங்கிய மதுரைத் திட்டம் தமிழிலக்கியங்களைக் கணினியில் ஏற்றி உலகெங்கும் பரப்பியது. 2005 இல் தொடங்கிய நூலகத் திட்டம் ஈழத்து நூல்களையும், இதழ்களையும், சிறுவெளியீடுகளையும் மின்வடிவில் தொகுத்து வருகின்றது. கல்லூரி மலர்களும் கோயிற் சிறப்பு மலர்களும் நினைவு மலர்களும் அத்தொகுப்பில் இடம்பெற்றுள்ளன.

எனினும், படமாக்கப்பட்ட பக்கம் மட்டும் போதாது. ஒரு மலரிலே பதினைந்து கட்டுரைகள் இருக்குமாயின், அவற்றின் ஆசிரியரும் பொருளும் குறிக்கப்படாதவரை அக்கட்டுரைகள் உறங்குவனவே. தீயினால் அழிந்த நூலை யாவரும் நினைந்து வருந்துவர். பிழையான பதிவினால் மறைந்த நூலுக்கு வருந்துவார் இலர்; அது மறைந்தமையே ஒருவருக்கும் தெரியாது.

விடை கூறும் இயந்திரம்

2022 நவம்பரிலே சற்ஜிபிரி பொதுமக்கள் பயன்பாட்டுக்கு வந்தபின், வினவியவற்றுக்கெல்லாம் சரளமாக விடை எழுதும் இயந்திரங்கள் மாணவர் கைக்கு எட்டின. பெருந்தொகையான எழுத்துக்களிலே எச்சொல்லை அடுத்து எச்சொல் வருதல் இயல்பு என்பதைப் பயின்று, அப்பயிற்சியால் வாக்கியங்களை அமைப்பன இவை. சுருக்கம் எழுதுதல், மொழிபெயர்த்தல், பொருட்டலைப்புக்குப் பரிந்துரை கூறுதல் முதலியவற்றிலே இவை பெரிதும் துணைசெய்வன. ஆயினும், ஒரு பொருள் பற்றிய நூல்களைக் கேட்டவிடத்து, இல்லாத நூலுக்கும் பொருத்தமான பெயரும் ஆசிரியரும் ஆண்டும் அமைத்துக் கூறுதல் இவற்றினிடத்துக் காணப்படும் குறைபாடு. அந்நூலைத் தேடித் தருமாறு நூலகரிடம் வருவோரும் உளர்.

பட்டியல் சான்றாகும் என்று முன்னர்க் கூறியதன் பெறுமதி ஈண்டு விளங்கும். நூலைக் கண்டவர் எழுதியது பதிவு. நூல் இவ்வாறு இருத்தல் கூடும் என இயந்திரம் அமைத்தது ஊகம். இரண்டும் ஒரே திரையிலே ஒரே எழுத்திலே தோன்றுகின்றன. வேறுபாட்டைக் காட்டுவது பட்டியலோடு ஒப்புநோக்கும் பழக்கம் ஒன்றே. நூலகவியல் மாணவன் தான் அப்பழக்கத்தை உடையவனாதலோடு, பிறர்க்கும் அதனைக் கற்பித்தல் வேண்டும்.

1849 இல் ஆறுமுக நாவலர் சென்னைக்குச் சென்று அச்சியந்திரம் வாங்கிவந்தார். அக்காலத்து யாழ்ப்பாணத்துச் சைவர்க்கு அதுவும் புதிய தொழில்நுட்பமே. அவர் அதனைக் கண்டு அஞ்சினாரல்லர். அது செய்யுமென்று தம் கடமையைக் கைவிட்டாருமல்லர். யந்திரம் பிரதிகளைப் பெருக்கியது. ஏடுகளை ஒப்புநோக்கிப் பாடத்தைத் தெளிந்தது அவர் கல்வி. நாவலர் பதிப்பு என்றால் நம்பத்தக்கது என்னும் பெயர் அக்கல்வியினாலே வந்தது. கணினியின்முன் அமர்ந்திருக்கும் மாணவனுக்கும் அந்நெறியே ஏற்றது. எண்களையும் குறியீடுகளையும் சில திங்களிலே கற்றுவிடலாம். அவை மாறினால் மீண்டும் கற்கலாம். நூலைத் திறந்து, முகப்பையும் முகவுரையையும் நோக்கி, ஐயமுள்ளவிடத்து வேறு நூல்களோடு ஒப்பிட்டு, கண்டதைக் கண்டவாறு எழுதும் ஒழுக்கம் நெடுநாட் பயிற்சியால் வருவது. அவ்வொழுக்கமுடையோர் எழுதும் பதிவை நம்பியே, அவர்கள் முகமறியாத வாசகர் நாளை நூல்களை நாடி வருவர்.